முற்றுகைக்குள் எழுதப்பட்ட கிரயப் பத்திரம்

என் தந்தை பத்திர எழுத்தர். எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே சாய்வு மேசையைப் போட்டுக்கொண்டு, 30 ஆண்டுகளுக்கு மேல் பிறருடைய நிலங்களையும் வீடுகளையும் எழுத்தில் கைமாற்றிக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. ஆதியாகமம் தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்து வருவோம். மொத்தம் 1,189 அதிகாரங்கள் என்பதால் ஒரு சுற்று முடிய மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிள்ளைகள் முறை வைத்து வாசிப்பதுதான் வழக்கம் என்றாலும், எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 32ஆம் அதிகாரம் வரும் இரவில் மட்டும் அப்பா புத்தகத்தைத் தம் கையில் வாங்கிக்கொள்வார். பதிவுக்கு முன் எழுதிக் கொடுப்பவருக்கும் எழுதிப் பெறுபவருக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டும் அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, 6ஆம் வசனத்திலிருந்து வாசிப்பார்.

ஆபிரகாம் மக்பேலா குகையை 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கியதைப் பற்றி ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அங்கே பேரம் உண்டு, சாட்சிகள் உண்டு, ஆனால் எழுத்து இல்லை. எரேமியா வாங்கிய நிலத்துக்கோ கிரயத் தொகை, எடை, கையொப்பம், முத்திரை, சாட்சிகள், இரண்டு பிரதிகள், அவற்றைப் பாதுகாக்கும் முறை ஆகிய எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பத்திர எழுத்தரை இது ஈர்த்ததில் வியப்பில்லை. எனக்கோ இந்த அதிகாரத்தின் எடை தெரிய நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. தேவனுக்குக் கீழ்ப்படிதல் என்றால், ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போன மோரியா மலையும் நோவாவின் பேழையும் தான் நம் பிரசங்கங்களில் முதலில் வந்து நிற்கும். அவை மலையளவு பெரியவை. கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது, அப்படிப்பட்ட கட்டளை நமக்கு வரப்போவதில்லை என்ற நிம்மதியும் நம்மோடு கூடவே வந்துவிடுகிறது. சிறைக்குள் இருந்த ஒரு மனிதர் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கிய செயல் அப்படித் தப்பவிடுவதில்லை.

அந்தக் காலத்தை முதலில் பார்க்க வேண்டும். யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம், அதாவது கி.மு. 588, 587 வாக்கில் நடந்தது இது. முந்தைய ஆண்டின் பத்தாம் மாதத்திலேயே பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சூழ்ந்துகொண்டது. எகிப்தின் படை வருகிறது என்று கேள்விப்பட்டு நடுவில் சிறிது காலம் முற்றுகை தளர்ந்தபோது, எரேமியா பென்யமீன் நாட்டிலிருந்த தம் பங்கைக் குறித்துப் போகப் புறப்பட்டார். நகர வாசலிலேயே யெரியா என்ற காவல் அதிகாரி அவரைப் பிடித்து, கல்தேயரிடம், அதாவது பாபிலோனியரிடம், ஓடப் பார்க்கிறாய் என்று குற்றம் சாட்டினான். அடித்தார்கள், சம்பிரதியாகிய, அதாவது எழுத்தராகிய, யோனத்தானின் வீட்டு நிலவறையில் வெகுநாள் அடைத்தார்கள். பின்னர் ராஜாவே அவரைக் காவற்சாலையின் முற்றத்துக்கு மாற்றி, அப்பஞ்சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் கொடுக்கச் சொன்னான். நகரத்தில் அப்பம் இருக்கும்வரை அது வந்துகொண்டிருந்தது என்று வேதம் சொல்கிறது. அந்த ஒற்றை வாக்கியத்தில் பஞ்சத்தின் அளவு முழுவதும் இருக்கிறது.

இந்த நகரம் விழும், அரசன் பிடிபடுவான் என்று எரேமியா சொன்னதற்காகத்தான் இந்தச் சிறை. யோசியாவின் 13ஆம் வருஷத்தில் அழைப்பைப் பெற்றது முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக அவர் சொல்லி வந்ததும் அதுவே. அப்படிப்பட்டவரிடம், உன் தந்தையின் சகோதரனாகிய சல்லூமின் மகன் அனாமெயேல் வருவான், ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுவான் என்று கர்த்தர் சொல்லுகிறார்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆசாரியர்களின் ஊர். சாலொமோன் தன் ஆட்சியின் தொடக்கத்தில் ஆசாரியன் அபியத்தாரைப் பதவியிலிருந்து நீக்கி அனுப்பி வைத்ததும் அந்த ஊருக்குத்தான். எரேமியா பிறந்த ஊர். அவரைக் கொல்ல நினைத்த ஊரும் அதுவே. கர்த்தருடைய நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னால் எங்கள் கையால் சாவாய் என்று மிரட்டியவர்கள் ஆனதோத்தின் மனிதர்கள். உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாரும்கூட உனக்குத் துரோகம் பண்ணினார்கள் என்று கர்த்தரே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த வீட்டாரில் ஒருவன்தான், இந்த நெருக்கடியில் பணம் தேவைப்பட்டோ என்னவோ, மீட்கும் உரிமை உனக்கே உண்டு என்று உறவுமுறையைச் சொல்லிக்கொண்டு காவல் முற்றத்தில் வந்து நிற்கிறான். அடிபட்டவரிடம் கேட்கிறான். நாளுக்கு ஓர் அப்பத்தில் உயிர் வாழ்பவரிடம் வெள்ளி கேட்கிறான்.

அப்பா இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். பழைய கிரயப் பத்திரங்களில் தவறாமல் வரும் இரண்டு தொடர்களைச் சொல்லுவார். சொத்தின் சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர் சொல்வது ஒன்று. புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதிப் பெறுபவருக்குச் சொல்வது மற்றொன்று. எரேமியா வாங்கிய நிலத்துக்கு இந்த இரண்டு தொடர்களும் பொருந்தா. ஆனதோத் அமைந்திருந்த நாட்டுப்புறம் முழுவதும் பாபிலோன் சேனையின் காலடியில் இருந்தது; சுவாதீனம் எடுக்க யாரும் போக முடியாது. புத்திரரும் பௌத்திரரும் இல்லை, ஏனென்றால் நீ பெண்ணை விவாகம்பண்ணவேண்டாம், இவ்விடத்தில் உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் இருக்கவேண்டாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கர்த்தர் அவரைத் தடுத்திருந்தார். சிறையிருப்பு 70 ஆண்டுகள் என்று பாபிலோனுக்குக் கடிதம் எழுதியவரும் எரேமியாவே. ஆகவே தம் ஆயுளுக்குள் அந்த மண்ணில் ஓர் ஏர் ஓட்டுவோம் என்று அவர் எண்ணியிருக்க இடமே இல்லை. அனுபவிக்க முடியாத நிலம், பிள்ளையில்லாத வாங்குபவர், எதிரியின் கையில் உள்ள ஊர். சிறுவயதில் எனக்கு இவை அப்பாவின் தொழில் ஆர்வமாக மட்டுமே தெரிந்தன.

அந்தப் பகுதியில் நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் கடந்துபோன ஒரு சிறு வாக்கியம் இருக்கிறது. கர்த்தருடைய வார்த்தை முதலில் வந்தது. அப்போது எரேமியா எதுவும் செய்யவில்லை. பின்பு அனாமெயேல் சொன்னபடியே வந்து, சொன்ன சொற்களையே சொன்னான். "அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று எரேமியா எழுதுவது அதற்குப் பிறகுதான். 40 ஆண்டுகள் தீர்க்கதரிசியாக இருந்தவர், தம் உள்ளத்தில் எழுந்த சத்தத்தை உடனே கர்த்தருடைய கட்டளை என்று அறிவித்துவிடவில்லை. இன்று ஆண்டவர் என்னிடம் சொன்னார் என்ற சொற்றொடரை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. அவர் காலத்தில் அனனியா என்ற ஒருவன், 2 வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் முழங்கி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். எரேமியா எதிர்த்துக் கூச்சலிடவில்லை. தம் வழியே போனார். பிற்பாடு வார்த்தை வந்த பிறகே திரும்பிப் போய்ப் பேசினார். கீழ்ப்படிகிறவருக்குப் பொறுமையும் வேண்டும் என்பதை அந்த நடையில் நான் காண்கிறேன்.

ஆனால் அறிந்துகொண்ட பிறகு ஒரு நாளும் தள்ளவில்லை. 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். யூதாவில் அப்போது நாணயப் புழக்கம் இல்லை. வெள்ளித் துண்டுகளைத் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள். ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 200 கிராம். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி. பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை போட்டார், சாட்சிகளை வைத்தார், சட்டத்துக்கும் முறைமைக்கும் ஏற்றபடி முத்திரையிடப்பட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தரான நேரியாவின் மகன் பாருக்கிடம், அனாமெயேலும் சாட்சிகளும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் எல்லாரும் பார்க்கக் கொடுத்தார். இவை அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வை என்றார். திறந்த பிரதி வேண்டும்போது படித்துப் பார்க்க. முத்திரையிட்டது, பின்னால் யாராவது திருத்தினால் உண்மையை நிறுவ. வெறும் அடையாளச் செயல்தானே, எப்படியும் நிலம் கைக்கு வரப்போவதில்லை என்று ஒரு படியைக்கூட அவர் குறைக்கவில்லை. நூறு ஆண்டுகள் அனுபவிக்கப் போகிறவன் செய்துகொள்ளும் அத்தனை கவனத்தோடும் அந்தக் கிரயத்தை முடித்தார்.

இங்கேதான் நான் பிடிபட்டேன். நானும் கீழ்ப்படிந்திருக்கிறேன், ஆனால் முணுமுணுப்போடு, ஒரு காலை வாசலில் வைத்தபடி, தோற்றால் நான் அப்போதே நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் கொஞ்சம் அரைகுறையாக. எரேமியாவின் தராசு என்னை அந்த இடத்தில் நிறுத்துப் பார்த்தது.

எல்லாம் முடிந்து பத்திரம் பாருக்கின் கைக்குப் போன பிறகு, 16ஆம் வசனத்தில், எரேமியா ஜெபம் செய்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்ற புகழ்பெற்ற வார்த்தை இந்த ஜெபத்தில்தான் வருகிறது. வீட்டுச் சுவர்களில் தொங்கும் வசன அட்டைகள் அதோடு நின்றுவிடும்; ஜெபம் அங்கே நிற்பதில்லை. படைப்பைச் சொல்லி, எகிப்திலிருந்து மீட்டதைச் சொல்லி, ஜனங்களின் பாவத்தைச் சொல்லி, கடைசியில், இதோ கொத்தளங்கள் நகரத்தை எட்டிவிட்டன, பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்துவிட்டன, நீர் சொன்னது நடந்துவிட்டது, நீரே பார்க்கிறீர், ஆனாலும் பணங்கொடுத்து நிலத்தை வாங்கிச் சாட்சிகளை வை என்று நீர் எனக்குச் சொன்னீரே என்று முடிகிறது. அந்த முடிவில் விளக்கம் இல்லை, துதி இல்லை. கண்ணெதிரே நிற்கும் முரண்பாட்டை அப்படியே கர்த்தரின் முன் வைத்துவிட்டு எரேமியா வாய்மூடுகிறார்.

எபிரெய மொழியில் கீழ்ப்படிதலுக்கென்று பெரும்பாலும் வழங்கும் சொல், காதால் கேட்டல் என்று பொருள்படும் சொல்தான். நம் மொழியிலும் அப்படியே. சொன்ன பேச்சைக் கேள் என்று அம்மா சொன்னால், காதில் வாங்கிக்கொள் என்று எந்தக் குழந்தையும் பொருள்கொள்வதில்லை. தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், வினவுவதற்கும் அதே சொல்லை வைத்திருக்கிறது. கேட்டான் என்றால் செவிமடுத்தான், பணிந்தான், வினவினான் என்று மூன்றும் பொருந்தும். எரேமியா மூன்று விதத்திலும் கேட்டவர். அந்த வரிசையில்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தது. செவியால் கேட்டார், சொன்னபடி கேட்டார், அதன் பிறகு ஏன் என்று கேட்டார். அவர் கேள்வி கீழ்ப்படிதலுக்கு முன்னே குறுக்குக் கட்டையாக விழவில்லை. கீழ்ப்படிந்துவிட்டதால் கேள்வியை விழுங்கிவிடவும் இல்லை. கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு என்று வாயை அடைக்கிற போதகர்களும், எல்லாக் கேள்விக்கும் விடை கிடைக்காமல் அசைவதில்லை என்று உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களும் ஒருசேரப் படிக்க வேண்டிய அதிகாரம் இது. கர்த்தர் அந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை. "மாம்சமான யாவருக்கும் தேவனாகிய கர்த்தர் நான், என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" என்று எரேமியாவின் சொல்லையே எடுத்து அவருக்குத் திருப்பித் தந்து, அதிகாரத்தின் இறுதிவரை நீண்ட பதில் சொன்னார்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எங்கள் குடும்பத்துக்கும் பெரியப்பா குடும்பத்துக்கும் பொதுவான கிணறு ஒன்று இருந்தது. எங்களுக்கு அதில் நாலில் ஒரு பங்கு. ஒரு கோடையில் நீர் முறை வைப்பதில் தொடங்கிய வாக்குவாதம், பெரியவர்களுக்கிடையே சொல்லக் கூடாத சொற்கள் வரை போய், இரண்டு வீட்டுத் திருமணங்களுக்கும் மறுவீட்டார் வராத நிலைக்கு வந்தது. அந்தப் பங்கை விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு நாள் ஜெபத்தில் எனக்குத் தெளிவாயிற்று. இதில் ஐயமே இருக்கவில்லை; நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மூன்று ஆண்டுகள், ஆண்டவரே எனக்குத் தெளிவைத் தாரும் என்று ஜெபித்தேன். தெளிவு கிடைத்த பிறகு தெளிவுக்காக ஜெபிப்பது, கீழ்ப்படியாமல் இருப்பதற்குப் பக்தியின் உடையைப் போர்த்திக்கொள்வது. எரேமியா, அறிந்துகொண்டேன் என்ற வசனத்துக்கும் நிறுத்துக் கொடுத்தேன் என்ற வசனத்துக்கும் நடுவில் எதையும் வைக்கவில்லை. நான் அங்கே மூன்று ஆண்டுகளை வைத்தேன்.

ஒருவழியாக விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லி அப்பாவிடமே கேட்டேன். எவ்வளவு தொகைக்கு என்று கேட்டார். தொகை வேண்டாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாய்ப்பத்திரத்தை எடுத்து வா என்றார். ஒரு சொல் அதிகமாகப் பேசவில்லை. நான்கெல்லை விவரத்தை அவர் எழுதிய விதம் எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது: வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை, தெற்கே என் அண்ணனின் புஞ்சை, மேற்கே எங்கள் புஞ்சை. மேற்கு எல்லையை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. பதிவன்று பெரியப்பா மகன் வந்திருந்தார். விரல் ரேகை வைத்துவிட்டு வெளியே வந்து, "தண்ணி வத்திப் போன கெணறுதானே தம்பி, இப்ப எதுக்கு?" என்று கேட்டார். உண்மைதான், அந்த மூன்று ஆண்டுகளில் கிணறு வற்றியிருந்தது. சொன்னபோதே செய்திருந்தால் அது தண்ணீருள்ள கிணறாக இருந்திருக்கும். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். திருவிழாவில் பார்த்தால் நின்று பேசுகிறார்; அவ்வளவுதான் இதுவரை.

இந்த அதிகாரத்துக்கு நேரெதிரான ஒரு காட்சி, அதே புத்தகத்தில் பத்து அதிகாரங்கள் தள்ளி இருக்கிறது. எருசலேம் விழுந்து, மீந்திருந்த ஜனங்கள் கரேயாவின் மகன் யோகனானோடு எரேமியாவிடம் வந்து, நாங்கள் போக வேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேளும். நன்மையாய்த் தோன்றினாலும் தீமையாய்த் தோன்றினாலும் கேட்டு நடப்போம் என்று சத்தியம் செய்தார்கள். 10 நாள் கழித்துப் பதில் வந்தது: இந்த நாட்டிலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். நீ பொய் சொல்லுகிறாய் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எகிப்துக்குப் போனார்கள். எரேமியாவையும் பாருக்கையும் கூட்டிக்கொண்டே போனார்கள். போவதென்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வழி கேட்க வந்தார்கள் என்பது பதிலைக் கேட்ட அவர்களின் வேகத்திலேயே தெரிகிறது. நான் மூன்று ஆண்டுகள் ஜெபித்த ஜெபத்தின் சாயலை எரேமியாவின் ஜெபத்தில் தேடினேன். அது இவர்களுடைய விண்ணப்பத்தில் இருந்தது.

ஆகவே ஆனதோத்தின் நிலத்தை வாங்கியவர் அந்நிய மண்ணில் இருந்தபடியே வேதத்தின் பார்வையிலிருந்து மறைகிறார். அந்த மண்பாண்டம் என்னவாயிற்று என்பது எங்கும் சொல்லப்படவில்லை. 1982இல் எருசலேமின் பழைய தாவீதின் நகரப் பகுதியில், பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டின் சாம்பலுக்குள் 51 களிமண் முத்திரைகளைத் தோண்டி எடுத்தார்கள். அவை கட்டியிருந்த பத்திரங்கள் எல்லாம் எரிந்துபோயிருந்தன. நகரத்தைக் கொளுத்திய நெருப்பே களிமண்ணைச் சுட்டு முத்திரைகளைக் காப்பாற்றியிருந்தது. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் இருக்கிறது. எரேமியாவின் சுருளைப் பாருக்கு ஜனங்களுக்கு வாசித்துக் காட்டியது, சம்பிரதியான சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில் என்று 36ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தச் செய்தியை நான் அப்பாவுக்குச் சொன்னபோது, பத்திரம் போனாலும் முத்திரை நின்றதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. குடும்ப ஜெபத்தில் நான் வாசிக்க அவர் கேட்கிறார். சென்ற மாதம் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரம் வந்தது. கோரேஸ் ராஜாவின் கட்டளைப்படி பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் அது. பாரோஷின் புத்திரர் 2,172 பேர் என்று தொடங்கி, பெயரும் எண்ணுமாக நீளும். இவ்வளவையும் வாசிக்க வேண்டுமா, அடுத்த அதிகாரத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். வாசி என்றார். வாசித்துக்கொண்டே போனேன். பெத்லகேம், நெத்தோபா என்று ஊர்கள் தொடங்கியதும் அப்பா சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். 23ஆம் வசனத்தில், ஆனதோத்தின் மனிதர் என்று நான் சொன்னதுமே கையை உயர்த்தினார்.

"எத்தனை பேர்?"

"128 பேர்ப்பா."

தலையை அசைத்துக்கொண்டார். "சரி, மேலே வாசி."